திரும்பி வருகிற ஆள்

ராஜபாளையம் ஸ்டேஷனில் சுந்தரபாண்டியன் ஏட்டையாவாக இருந்த காலத்தில், துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் கிளம்புகிற பையன்களின் பாஸ்போர்ட் விசாரணை பூராவும் அவர் கையில்தான் வந்து விழும். சைக்கிளை மிதித்துக்கொண்டு பையன் இருக்கிற தெருவுக்குப் போவார். நேரே வீட்டுக்குள் நுழைய மாட்டார். முதலில் தெருமுனை டீக்கடை, அப்புறம் ரேஷன் கடை, கடைசியாகத்தான் வீடு. வாசலில் நின்று பலமாக ஒரு செருமல் செருமுவார். அந்தச் செருமலிலேயே உள்ளே இருக்கிறவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். பையன் மேல் கேஸ் உண்டா, பங்காளித் தகராறு உண்டா, கோர்ட்டில் சொத்து வழக்குக் கிடக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பார். ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டார். அந்த வீம்பு அவரிடம் கடைசிவரை இருந்தது.

இத்தனை வருஷ சர்வீஸில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. காடு கரை, வீடு வாசல் என்று வைத்திருக்கிறவன் என்றைக்காவது ஒருநாள் ஸ்டேஷன் படி ஏறியே தீருவான். எதுவும் இல்லாதவன் நல்லவன், நம்பலாம், எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் சட்டப்புத்தகம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார். பின்னால் அவர் தலையில் கல்லைப் போட்டது அதுதான் என்று நான் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தலைவிதி என்பார். விதி என்ன செய்யும் பாவம், அவர் பேசிய பேச்சுக்கு?

ரிட்டையர் ஆனதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகத்துப் பக்கம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வத்திராயிருப்புப் பாதையில் சின்னதாக ஒரு தென்னந்தோப்பும் வாங்கிப் போட்டிருந்தார். மனைவி வெள்ளத்தாய் அந்த வீட்டில் இரண்டு பொங்கல் வைத்தாள், அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துவிட்டாள். மூத்தவன் சேதுபதி ராஜபாளையத்தில் மில்லில் வேலை, பெண்டாட்டி சண்முகத்தாயோடு அப்பா வீட்டிலேயே இருந்தான். இளையவன் வீரணன் பட்டாளத்தில், காஷ்மீர்ப் பக்கம் எங்கேயோ பனியில் கிடந்தான். நடுவில் பிறந்தவள் அழகுத்தாய். அவளைக் கட்டிய குருசாமி கம்ப்யூட்டர் படித்தவன், அமெரிக்காவில் வேலை. கல்யாணமாகிப் போனவளால் அம்மாவின் சாவுக்குக்கூட வர முடியவில்லை. அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பாதியில் ஊருக்குக் கிளம்பினால் மறுபடி உள்ளே விடுவானோ மாட்டானோ என்ற பயம். பிள்ளை குட்டியும் இல்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சித்திரையில், அழகுத்தாய்க்கு ரத்தத்தில் புற்று என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் ஏட்டையா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கருத்தப்பாண்டியின் டெலிபோன் பூத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பார். அங்கே அது சனிக்கிழமை ராத்திரி. மகள்தான் கூப்பிடுவாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே அடுப்பில் வைத்த மாதிரி வேகும். ஏட்டையா கதவைத் திறக்க மாட்டார். மகள் பேசுவதைப் பஸ்ஸுக்கு நிற்கிறவன் கேட்டுவிடக் கூடாது.

"அப்பா, ஒரு தடவை செருமுங்க" என்பாள்.

"எதுக்கு தாயி?"

"சும்மாதான். கேட்டு எம்புட்டு நாளாச்சு."

அவள் சின்னப்பிள்ளையாக போலீஸ் லைன் வீட்டில் டைபாய்டு வந்து கிடந்தபோது, டூட்டி முடிந்து வருகிற அப்பாவின் செருமல் சத்தம் வாசலில் கேட்டால்தான் மருந்து குடிப்பாள். அவர் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் கட்டில் காலடியில் உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். பேசத் தெரியாது. உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கிவிடும்.

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஏட்டையா செருமினார். அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமல் வந்தது. பிறகு அவள் சொன்னாள்:

"அப்பா, நீங்க இங்க வாரீகளா? ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்து உக்காந்திருங்க."

"வாரேன் தாயி" என்றார் ஏட்டையா. ராஜபாளையத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரிதான் சொன்னார்.

அதுவரை மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் ஒருவேளைக்கு மேல் கை நனைக்காத மனுஷன். பெண் கொடுத்த இடத்தில் போய் மாசக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுகிறதா என்று மற்ற அப்பன்மாரைக் கேலி செய்தவர். அந்த ரோஷமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பூத்தை விட்டு இறங்கி வரும்போதே அமெரிக்காவில் குளிருமே, கம்பளிச் சட்டை எங்கே வாங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

ராஜபாளையத்தில் ஐயாதுரை என்று ஒருவர் வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்ப பாரம் நிரப்பிக் கொடுத்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரே ஒருகாலத்தில் மஸ்கட் போனவர்தான். ஏட்டையாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க எழுதுன ரிப்போர்ட்டுலதான் ஏட்டையா நான் போனேன். ஒரு டீகூட வாங்கிக்கிடலையே நீங்க."

"இப்பவும் வேண்டாம். எம் மகளைப் பாக்கப் போகணும். ரொம்ப நாள் இருக்கணும். என்ன வழி இருக்கு, சொல்லும்."

ஐயாதுரை நிதானமாகச் சொன்னார். "ரெண்டு வழி ஏட்டையா. மக அந்த ஊர்க் குடியுரிமை வாங்கியிருந்தா, அப்பாவை நிரந்தரமா கூப்பிட்டுக்கிடறேன்னு எழுதிப் போடலாம். அவங்களுக்கே இன்னும் நிரந்தரமா ஆகல. அதனால அந்தக் கதவு இப்போதைக்குப் பூட்டிக் கிடக்கு. இன்னொண்ணு விசிட்டர் விசா. போய் இறங்குனா ஆறு மாசம் போட்டுக் குடுப்பான். முடியப்போற நேரத்துல காரணம் சொல்லி இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக் கேக்கலாம். உங்களுக்கு இந்த வழிதான்."

"அவளுக்குச் சரியாகுற மட்டும் இருக்கலாம்ல?"

"அதை அங்க போய்ப் பாத்துக்கிடலாம். இங்க மெட்ராஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் பாப்பான். போற ஆள் திரும்பி வருவாரா, அங்கயே தங்கிருவாரா? தங்கிருவார்னு சந்தேகம் வந்துட்டா முடிஞ்சு போச்சு, குடுக்க மாட்டான்."

ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்தது. "சந்தேகப்படுற மூஞ்சியா வே இது?"

"அவனுக்கு வாரவன் போறவன் எல்லாரு மேலயும் சந்தேகந்தான். உங்க உத்தியோகம் மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன்."

அது ஏட்டையாவுக்குப் பிடித்திருந்தது. தன் உத்தியோகத்துக்காரன் என்றால் பேசிச் சமாளித்துவிடலாம். ஐயாதுரை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சொந்த வீடா என்றதற்கு ஆமாம் என்றார். தோப்பு உண்டா என்றதற்கு உண்டு என்றார். அன்றைக்கு அது அத்தனையும் நிஜம்.

திருச்சியிலிருந்து பாஸ்போர்ட் வருவதற்குள் ஏட்டையா ஒரு காரியம் செய்தார். அவருடைய அப்பா காசிக்குக் கிளம்பும்போது காணி பூமி எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். நெடும்பயணம் போகிற பெரிய ஆள் கையில் எதையும் பிடித்து வைத்துக்கொண்டு போகக் கூடாது. போன இடத்தில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் வெட்டுக்குத்து என்று நிற்கும். அப்படி நின்ற பிள்ளைகளை ஏட்டையா கைவிலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். காசியைவிட அமெரிக்கா தூரம். ஆகவே எழுதித்தான் ஆகவேண்டும்.

யாரும் அவரை நெருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் மேல் பழி விழும். சேதுபதி, "இப்ப என்னப்பா அவசரம், போயிட்டு வந்து பாத்துக்கிடலாம்" என்றுதான் சொன்னான். ஏட்டையா கேட்டால்தானே.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் அவருக்குப் பல வருஷப் பழக்கம். வீடு சேதுபதிக்கு, தோப்பு வீரணனுக்கு என்று எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"ஏட்டையா, உங்க ஆயுசு இருக்கிற மட்டும் வீட்டை அனுபவிக்கிற பாத்தியம் உங்களுக்குன்னு ஒரு வரி சேத்துரட்டுமா? எல்லாரும் போடுறதுதான்."

"குடுக்கிறதை முழுசாக் குடுக்கணும். வாலைப் பிடிச்சுக்கிட்டுக் குடுக்கப்படாது."

"சரி, மகளுக்கு?"

"அவளுக்கு நகை நட்டு அப்பவே போட்டாச்சு. இப்ப அவளுக்கு நானேதான போறேன்" என்றார்.

எழுத்தர் எழுதி முடித்தார். ஏட்டையா கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, மையைத் தலையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று மத்தியானம் வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். சேதுபதியைக் கூப்பிட்டு, "இனி இது உன் வீடு. இடிக்கணும்னாலும் இடி, எடுத்துக் கட்டணும்னாலும் கட்டு. என்னைக் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இதைப் பற்றி ஐயாதுரையிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக் குடும்பத்து விஷயத்தை பாரம் நிரப்புகிற ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மெட்ராஸில் அமெரிக்கத் தூதரகத்துக் காம்பவுண்டு சுவரை ஒட்டி நீள வரிசை. பெரும்பாலும் படித்த பையன்கள், கையில் கோப்பும் கழுத்தில் டையும். நடுவே ஏட்டையா, வெள்ளை வேட்டி, புதுக் கம்பளிச் சட்டையை மடித்து வைத்த பையோடு. ஒருவேளை அப்படியே ஏறிக்கொள்ளச் சொன்னால் தயாராக இருக்க வேண்டுமே என்று கொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்த மனுஷன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன வயசு வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல, கண்ணாடி போட்ட ஒரு பெண். மகள் வயசு இருக்கும்.

எதற்குப் போகிறீர்கள் என்றார்கள். மகளுக்குச் சீக்கு, ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கிறது என்று நீட்டினார். எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்றார்கள். "நீங்க எம்புட்டு நாள் குடுக்கிறீகளோ அம்புட்டு நாள்" என்றார். அந்தப் பெண் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கியது அவருக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு இங்க வீடு, நிலம் ஏதாவது இருக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். நிமிர்ந்து நின்றார். ஒரு செருமல் செருமினார்.

"எதுவும் கிடையாதும்மா. எல்லாத்தையும் பிள்ளைகளுக்கு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப எம்பேருல ஒரு செங்கல் கிடையாது, ஒரு தென்னை கிடையாது. எந்தத் தகராறும் இல்லாத ஆளு நான்."

அந்தப் பெண் வெள்ளைக்காரரின் பக்கம் திரும்பவில்லை. ஏட்டையாவையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க திரும்பி வர்றதுக்கு இங்க ஏதாவது இருக்கா? உங்க பேர்ல, சின்னதா ஏதாவது? பாங்க்ல கீங்க்ல?"

அவள் அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுக்கப் பார்த்தாள். ஏட்டையாவோ தன் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று நினைத்துவிட்டார்.

"சத்தியமா ஒண்ணும் கிடையாதும்மா. வேணும்னா இந்தா பாருங்க" என்று பையிலிருந்து செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். சாட்சியும் சீலும் தேதியும் சுத்தமாக இருந்தன. அவர் விசாரித்த எந்தப் பையனும் இவ்வளவு சுத்தமாக ருசு காட்டியதில்லை.

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளைக்காரர் தலையை ஆட்டினார். கோபமாகக்கூட இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையைக் குத்தி நீட்டினார். முத்திரை குத்தியதைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது என்றே ஏட்டையா கும்பிட்டார்.

"இல்லைங்கய்யா" என்றாள் அந்தப் பெண். "குடுக்க முடியாதாம். நீங்க திரும்பி வருவீங்கன்னு அவருக்கு நம்பிக்கை வரல."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தவருக்கு வெகு நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது வாயில் அடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற பையன் ஒருவன் தண்ணீர் கொடுத்தான். வாங்கிக் குடித்தார்.

ராஜபாளையத்தில் ஐயாதுரை கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டையா, வேர் இருக்கிறவன்தான் திரும்பி வருவான்னு அவன் பாக்கான். நீங்க வேரைத் தோண்டிக் காட்டிட்டு வந்திருக்கீக. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"இப்ப என்ன செய்ய?"

"ஏதாவது ஒண்ணு திரும்ப உங்க பேருக்கு வரணும். வந்தா மறுபடி கேட்டுப் பாக்கலாம்."

ஏட்டையா அன்று மாலை சேதுபதியை உட்கார வைத்துச் சொன்னார். பிள்ளையிடம் கை நீட்டுகிற மாதிரிதான் இருந்தது, ஆனாலும் சொன்னார். சேதுபதி கண்ணில் தண்ணீர் திரண்டது.

"அப்பா, பத்திரம் பாங்க்ல இருக்கு. பேண்டேஜ் துணி ஓட்ட நாலு லூம் எடுக்கலாம்னு வீட்டு மேல லோன் போட்டுட்டேன். என்னைக் கேக்க வேண்டாம்னு நீங்கதான சொன்னீக."

சொன்னார்தான். ஒரு வார்த்தை திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் போய்விட்டது. முன் அறையில் நூல் கட்டுகள் அடுக்கியிருந்தன. அவருடைய கட்டில் சுவரோரமாக நகர்ந்திருந்தது. "மாமா, சோறு போடட்டா?" என்று சண்முகத்தாய் எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஏட்டையாவுக்கு மட்டும் அது வேறு யாரையோ கேட்கிற மாதிரிக் காதில் விழுந்தது. பசிக்கவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் மகளிடம் மறைக்கவில்லை.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் தாயி."

நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "ஊரையே விசாரிச்ச ஏட்டையா, விசாரணையில மாட்டிக்கிட்டாரா" என்றாள். பிறகு, "பரவாயில்லப்பா. மறுபடி கேளுங்க. நான் இருக்கேன்" என்றாள்.

நான் இருக்கேன் என்று அவள் சொன்னது ஏட்டையாவின் மனசில் முள்ளாகக் குத்தியது. தோப்பைத் திருப்பி எழுதித் தர வரச் சொல்லி அன்றைக்கே வீரணனுக்குத் தந்தி கொடுத்தார். அவனுடைய பட்டாளம் மலை உச்சியில். மழையில் பாதை அறுந்து கிடந்தது, இறங்க முடியவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. வாராவாரம் மகளின் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வாரம் அவள் பேசவே இல்லை. குருசாமி ரிசீவரை அவள் காதில் வைத்துக்கொண்டு, "செருமுங்க மாமா, அவ கேப்பா" என்பான். ஏட்டையா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று செருமுவார். செருமல் சில நேரம் அழுகையாக வந்துவிடும். மறுபடி சரிசெய்துகொண்டு செருமுவார்.

புரட்டாசி பிறந்ததும் வீரணன் வந்தான். கருத்து, உதடு வெடித்து, பாதி உடம்பாக வந்தவன் பெட்டியை வைத்துவிட்டு நேரே அப்பாவோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனான். "எனக்கு எதுக்குப்பா தோப்பு, நான் மலையில கிடக்கேன்" என்று மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தான். அதே பத்திர எழுத்தர்தான் எழுதினார். ஐயாதுரை மறுபடி பாரம் நிரப்பி, மெட்ராஸுக்குப் போகிற தேதியையும் சொன்னார்.

அந்த வாரம் ஒருநாள் உச்சி வெயிலில் கருத்தப்பாண்டி பூத்தைப் பூட்டிவிட்டுத் தானே சைக்கிளில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை இல்லை, காலை நேரமும் இல்லை. வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். ஏட்டையா அவன் முகத்தைப் பார்த்துத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் அவன் பின்னால் நடந்தார். பூத்துக்குள் போய் ரிசீவரை எடுத்தவர் அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. யார் கேட்டால் என்ன.

குருசாமி அழுது முடித்துவிட்டுச் சொன்னான். அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலை ஒரு பெட்டியில் கொடுப்பார்களாம். சின்ன வயசில் குளித்த ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில் கரைக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாளாம்.

"நான் கிளம்புனா திரும்ப விட மாட்டான் மாமா. நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் ஊருக்கு வந்தா குடுத்து விடட்டுமா?"

"எம் மகளை எவனோ ஒருத்தன் பையில வச்சுக் கொண்டாரப்படாது" என்றார் ஏட்டையா. "நான் வாரேன்."

காரியம் முடிந்த மறுநாள், மொட்டைத் தலையோடு மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். மகளுக்கு அப்பன் மொட்டை போடுகிற வழக்கம் எங்கேயும் இல்லை என்று பங்காளிகள் தடுத்தார்கள். அவர் போட்டுக்கொண்டார். ஐயாதுரை மட்டும் ரயிலடி வரை வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏட்டையா, மக செத்துப்போச்சுன்னு சொல்லாதீக. பழையபடி சீக்குன்னே சொல்லுங்க. தோப்புப் பத்திரத்தை முதல்லயே எடுத்துக் காட்டிருங்க."

அதே கண்ணாடி. இந்தத் தடவை வேறொரு வெள்ளைக்காரர், கொஞ்சம் வயசானவர். பக்கத்தில் அதே பெண். மொட்டைத் தலையை ஒரு கணம் பார்த்து, அடையாளம் கண்டு, குனிந்துகொண்டாள்.

"எதுக்குப் போறீங்க ஐயா?"

ஐயாதுரை சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் மகள் சீக்காக இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் அவள் எங்கேயோ படுத்துக்கொண்டு காத்துக்கொண்டிருப்பது மாதிரி ஆகிவிடும்.

"மகளைக் கூட்டிட்டு வரப் போறேன்."

"உடம்பு சரியாயிடுச்சா?" அவள் முகம் மலர்ந்தது.

"சாம்பலா இருக்காம்மா. பெட்டியில. எங்க ஊரு ஆத்துல கரைக்கணும்."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏட்டையாவைப் பார்த்தார். தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

"எவ்வளவு நாள் தங்குவீங்கன்னு கேக்கிறார்."

"ஒரு நாள் போதும். வாங்குனதும் கிளம்பிருவேன். அங்க எனக்கு என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுப் பையை அவிழ்த்தார். "தோப்பு இருக்கும்மா. வத்திராயிருப்புப் பாதையில. எம்பேருலதான் இருக்கு. தென்னை எல்லாம் காய்ப்புல இருக்கு. பத்திரம் கொண்டாந்திருக்கேன். செத்த பொறுங்க, எடுத்துக் குடுக்கேன்."

"வேண்டாம்னு சொல்றார் ஐயா." அவள் கண்ணாடிக்குக் கீழே கையை நீட்டினாள். "பாஸ்போர்ட்டை மட்டும் குடுங்க. விசா குடுத்துட்டாங்க. நீங்க திரும்பி வந்துடுவீங்கன்னு அவருக்கு நம்பிக்கை வந்திருச்சு."

ஏட்டையா பாதி எடுத்த பத்திரத்தோடு அப்படியே நின்றார். பிறகு அதை மறுபடி மடித்துப் பைக்குள், கம்பளிச் சட்டைக்குக் கீழே வைத்தார். வெள்ளைக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"இந்த நம்பிக்கை அன்னைக்கே வந்திருக்கப்படாதாம்மா?" என்றார்.

அந்தப் பெண் அதை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவில்லை.